அத்தையைப் பெண் பார்க்க வந்தவரைச் சுட்ட கதை

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். ஒன்று வந்தால் பேசுகிறவர்கள் அப்படியே நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடர்வார்கள். தொலைக்காட்சிக்கு மட்டும் இந்த மரியாதை தெரியாது. ஞாயிறு மதியங்களில் தமிழ் பேசும் பழைய கௌபாய் படங்கள் ஓடும்போது, விமானம் விழுங்கிய வசனங்களை அப்பாவின் தங்கையான அத்தைதான் இட்டு நிரப்புவாள். அத்தையின் வசனத்தில் கொள்ளைக்காரன் எப்போதும் உத்தமன். ஷெரீப் பேசினால் எங்கள் தாத்தா பேசுவது மாதிரியே இருக்கும்.

"அவன் திருடன்தானே அத்தை?"

"திருடன்தான். ஆனா பேச்சு மாற மாட்டான், பாரு."

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். தாத்தா முடிவே செய்துவிட்டார். அன்றே பூ வைப்பதாக ஏற்பாடு. அத்தை காலையிலிருந்து சாப்பிடவில்லை. வெட்கம் என்றாள் அம்மா. கேசரி, பஜ்ஜி ஆனதும் அத்தையையும் மாப்பிள்ளையையும் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். எங்கள் வழக்கத்தில் 'தனியாக' என்றால் கூடவே ஒரு குழந்தையும் போக வேண்டும். நான் போனேன்.

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். யார் முதலில் துப்பாக்கியை எடுப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் வந்தது. ஊர் வழக்கத்துக்கு மாறாக அத்தை அப்போதுதான் பேச ஆரம்பித்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும், "சரிங்க, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கீழே வந்து, "எனக்குப் பொண்ணைப் பிடிக்கல" என்றார். அவருடைய அம்மாவே ஆடிப்போனார்.

"வீடு தேடி வந்து பொண்ண அவமானப்படுத்துறியே, நீ நல்லாருப்பியா?" என்று தாத்தா கத்தினார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் வீட்டாரும் அவரைத் திட்டிக்கொண்டேதான் காரில் ஏறினார்கள்.

அடுத்த வருடம் அத்தை, குரோம்பேட்டையில் தன்னோடு வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். யாராவது கட்டிக்கொண்டால் போதும் என்ற நிலைக்குத் தாத்தா வந்திருந்தார். மாடியில் பேசியதை நான் வளர்ந்த பிறகு அத்தையே சொன்னாள்: "எனக்கு ஆபீஸ்ல ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. நான் வேணாம்னு சொன்னா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க. நீங்க வேணாம்னு சொல்லிடுங்களேன்."

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. உள்ளே அத்தை அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. மாடிக்கு ஓடி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக விரலை நீட்டி, தெருவில், தான் தனியாக வந்த பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தவரைச் சுட்டேன். என் 'டிஷ்யூம்' சத்தத்துக்கு அவர் நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சில் கை வைத்து ஒரு பக்கமாகச் சரிந்து காட்டினார். பிறகு போய்விட்டார்.

கெட்டவன் ஒழிந்தான் என்ற திருப்தியோடு நான் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்னக் கீழே இறங்கினேன்.