லேபர் பதினாலு

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி ஒரு விடுதி கட்டினார்கள். நான் அங்கே சைட் இன்ஜினீயர். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

வருகைப் பதிவேட்டில் முதல் பக்கம் ஸ்டாஃபுக்கு. ஆறு பேர், ஆறு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் ஒரே வரி: லேபர் – 14. காலையில் மேஸ்திரி அவர்களை மணலில் வரிசையாக நிறுத்துவார். நான் குடையை நீட்டி எண்ணுவேன். "பதினாலு நிக்குது சார்" என்பார். நானும் அப்படித்தான் பேசினேன். லேபர் வந்துவிட்டதா, லேபர் சாப்பிட்டதா. ஒருநாள் மழையில், "லேபர் நனைஞ்சா காயும், சிமெண்ட் நனைஞ்சா போச்சு" என்றேன். ஸ்டாஃப் ஆறு பேரும் சிரித்தோம்.

ஒரு மதியம் சாரம் முறிந்து அந்தப் பதினாலு பேரில் ஒருவர் விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மேஸ்திரி அன்று மாலையே ஊரை விட்டுப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, விழுந்தவரின் மனைவி வந்தாள். புருஷன் அங்கே வேலை செய்தார் என்று ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாமல் தொழிலாளர் அலுவலகத்தில் மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்களாம்.

பதிவேட்டை அவள் முன்னால் விரித்தேன். "இதுல உன் புருஷன் எங்கம்மா இருக்கான்?"

"எனக்கு எய்த்து தெரியாது. நீயே சொல்லு."

"லேபர்னு இருக்கு. அது யாரு வேணா இருக்கலாம்."

"இன்னா சார் பேசற? மூணு வருசமா தெனம் காத்தால அவுரு மூஞ்சியப் பாத்துகினுதான இருந்த? உனக்கு டீ வாங்கியாந்தாரே, அது யாரு? உங்க தாத்தாவா?"

பிறகு புருஷன் பெயரைச் சொன்னாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத குடும்பம் என்பது அவள் திணறியதிலேயே தெரிந்தது. மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை கத்தினாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவளை வெளியே அனுப்பச் சொன்னேன். "உன் கை வௌங்காது!" என்று கேட்டுக்கு அப்பாலிருந்து கத்தினாள்.

வாயைத் திறக்காதே என்று முதலாளி சொல்லியிருந்தது உண்மை. பதிவேட்டை எடுத்து விரித்தது என் சொந்த யோசனை. விழுந்தவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் டீயில் சர்க்கரை கூடாது என்பதைக் கடைசிவரை மறக்காதவர்.

நான் ஓய்வு பெற்ற பின், இரண்டாயிரத்துக்குப் பிறகு, புதுப்பட்டினம் சந்தையில் அவள் கருவாடு விற்பதாக அந்த வாட்ச்மேன் சொன்னான். அன்றே வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினேன். 'இவர் என் மேற்பார்வையில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். வேலை நேரத்தில் சாரத்திலிருந்து விழுந்தார். அன்று இதை மறைத்தேன்.' பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அந்தப் பெயர் எனக்கு நினைவில்லை. கொஞ்சம் இடம் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.

சந்தையில் அவள் என்னைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். "வந்துட்டாருய்யா கொடைக்காரரு." அவள் கடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடிதத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "படி. நாலு பேருக்குக் கேக்கற மாரி படி."

படித்தேன். பக்கத்துக் கடைக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். வெற்றிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"பேரு இன்னான்னு போட்டுகீற?"

"பேரை... நீதான்மா சொல்லணும்."

தராசைக் கீழே வைத்தாள். "அவுரு பூட்டாரு. நாலு வருசம் பட்த்த பட்க்கையா கெடந்து பூட்டாரு. அன்னிக்கே மூணு வாட்டி சொன்னன். இன்னொரு வாட்டி சொல்றதுக்கில்ல. எந்திரி, யாவாரத்த மறைக்காத."

எழுந்தேன். வாட்ச்மேனைக் கேட்டுப் பார்த்தேன், பழைய ஸ்டாஃப் இருவரைக் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பதினாலு பேரில் ஒருவர் பெயர்கூட எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கடிதம் என்னிடம்தான் இருக்கிறது, அந்த இடம் காலியாகவே.