வெள்ளத்தில் வந்த சேவல்

அட, அவ்வளவுதானா மதினி? விளக்கில்லாத சைக்கிளில் போனான் என்றுதான் போலீஸ்காரர் பிடித்தாரா? காலையில் குழாயடியில் கேட்டபோது கோடி வீட்டுப் பையன் கடையை உடைத்துவிட்டான் என்றார்கள். மத்தியானம் பால்காரி வந்து, அவன் யார் மண்டையையோ உடைத்தான் என்றாள். பொழுது சாய்வதற்குள் கொலையே செய்திருப்பான் போல. போன வாரம் அவன் காலேஜுக்காக ஓடி ஜெயித்தான் என்று வெடி போட்டதும் இதே தெருதானே? எனக்குச் சிரிப்பு வருகிறது. உட்காருங்கள். இந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, என் கூடப் பிறந்தவனுக்கு நடந்தது.

எனக்குக் கல்யாணமாகி வண்ணாரப்பேட்டைக்கு வந்த புதுசு. ஜெர்மன்காரன் சண்டை வருவதற்கு முந்தின ஐப்பசி மாதம். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் வேலை, மாதத்தில் பாதி நாள் அங்கேதான். என் தம்பி பாளையங்கோட்டைக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு அப்பா இல்லை. படிக்க வைக்க அம்மாவிடம் என்ன இருந்தது? அவன் பந்து உதைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் காலேஜ் துரை சம்பளமில்லாமல் சேர்த்துக்கொண்டார், விடுதியில் சோறும் போட்டார். ஒரே ஒரு கட்டளை, பெயர் கெடக் கூடாது. பூட்ஸ் கீட்ஸ் ஒன்றும் கிடையாது மதினி, வெறுங்கால்தான். அந்தக் காலால் மதுரையிலிருந்து வந்த காலேஜைத் தோற்கடித்தான். அன்றைக்கு எங்கள் தெருவே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. முக்குக்கடை அண்ணாச்சி தன் கையால் மாலை போட்டார். நான் கூட்டத்துக்குள் போக முடியாமல் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அடுத்த வாரம் மலையில் நல்ல மழை. ஆறு இரண்டு கரையும் தொட்டு வந்தது. நம் ஊரில்தான் வெள்ளம் வந்தால் வீட்டில் இருக்க மாட்டார்களே. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பாலத்துக்குப் போய்விடுவார்கள். நானும் போனேன். காலேஜ் லீவு விட்டிருந்ததால் தம்பியும் வந்திருந்தான். பூசணிக்காய் வந்தது, வாழை மரம் வந்தது, யார் வீட்டுக் கதவோ ஒன்று வந்தது. அப்புறம் ஒரு வைக்கோல் போர் அப்படியே கலையாமல் மிதந்து வந்தது. அதன் உச்சியில் ஒரு சேவல். தேரில் வருகிற மாதிரி நின்றுகொண்டு கூவுகிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

முக்குக்கடை அண்ணாச்சிதான் ஆரம்பித்தார். தம்பி தோளில் கையைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏலே பந்துக்காரா, மதுரக்காரன அடிச்ச காலுக்கு இந்தச் சேவலு எம்மாத்திரம்? குதிலே பாப்பம்!"

அவ்வளவுதான். பாலம் முழுக்கக் கை தட்டியது. குதி, குதி என்று கத்தியது. யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று காலையில்தான் போலீஸ் தமுக்கடித்துச் சொல்லியிருந்தது. அதைக் கேட்ட காதுகள்தான் எல்லாம். நான் வேண்டாம் என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவன் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, ஒரு தடவை எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டுக் குதித்துவிட்டான்.

வயதுப் பிள்ளைதானே, போன வாரம்தான் மாலை போட்ட கை. அந்தக் கை தள்ளினால் விழாமல் என்ன செய்வான்?

தண்ணீர் அவனை விழுங்கிவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளித் தலை தெரிந்தது. வைக்கோல் போரைப் பிடித்து, சேவலைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையாலேயே நீந்தி வண்ணாரப்பேட்டைப் படித்துறையில் ஏறினான். அங்கே ஒரு கான்ஸ்டபிள் நின்றார். அதைப் பார்த்ததும் பாலத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் வீட்டில் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. குடை குடையாகக் கலைந்தார்கள். நான் படித்துறைக்கு ஓடிப் போவதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சேவலைப் பிடிக்க அவருக்குப் பயம். அதனால் அவனே அதைக் கையில் வைத்துக்கொண்டு போனான்.

இப்போது நீங்களே நினைத்துப் பாருங்கள், மதினி. பாலத்துக்குப் போகாத ஆட்கள் கடைத்தெருவில் நிற்கிறார்கள். நனைந்துபோன ஒரு பையன், கையில் சேவல், பின்னால் போலீஸ். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? கடைத்தெருவின் இந்த முனையில் நுழையும்போது அவன் காலேஜ் பிள்ளை. அந்த முனையில் வெளியே வரும்போது கோழித் திருடன்.

ஸ்டேஷனில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆற்றில் குதித்ததற்கு ஏட்டையா ஒரு சத்தம் போட்டார், இனிமேல் செய்யாதே என்று அனுப்பிவிட்டார். சேவலை மட்டும் உடையவன் வந்தால் கொடுக்கலாம் என்று கொல்லையில் கட்டி வைத்தார்கள். உடையவன் வந்தானோ, குழம்புதான் வந்ததோ, அது எனக்குத் தெரியாது. அவனை விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. மறுநாள் அது மேலப்பாளையத்தில் திருடிய சேவலாகிவிட்டது. அதற்கு மறுநாள் அவன் வெகுகாலமாகவே திருடுகிறவனாகிவிட்டான். விடுதியில் அரிசி குறைந்ததும் அவனாலேதானாம். மதுரைக்காரர்களை ஜெயித்ததிலும் ஏதோ சூது இருந்ததாம். இதைச் சொன்னது யார் தெரியுமா? அவனைத் தோளில் தூக்கி வந்த அன்றைக்கு முன்னால் தவில் அடித்துக்கொண்டு வந்தவர்.

பேச்சு காலேஜுக்குப் போய்விட்டது. துரை அவனைக் கூப்பிட்டு, போலீஸ் விட்டது வேறு, ஊர் சொல்வது வேறு என்றாராம். ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் திங்கட்கிழமை வந்து, இவன் திருடவில்லை, ஆற்றில் வந்த சேவலைத்தான் பிடித்தான், எங்கள் கண்ணால் பார்த்தோம் என்று சொன்னால் போதும், படிக்கலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நான் பார்த்தேனே, நான் வந்து சொல்கிறேனே என்றேன். அக்கா சொல்லும் சாட்சியும் பொம்பளை சொல்லும் சாட்சியும் அங்கே எடுபடாதாம்.

இரண்டே இரண்டு பேர். பாலம் கொள்ளாத கூட்டத்தில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா என்று நான் தைரியமாகத்தான் புறப்பட்டேன். முதலில் முக்குக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நான் பாலத்துக்கே வரலையே தாயி. எனக்கு வெள்ளம்னாலே தல சுத்தும்."

தராசு முள் ஆடி நிற்கிற வரைக்கும் நானும் நின்றேன். அப்புறம் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில், பார்த்தேன்தான், ஆனால் ஏன் தடுக்கவில்லை என்று என்னைக் கேட்பார்களே என்றார். கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டில் அவர் சம்சாரம் கதவைப் பாதி திறந்து, அவுக ஊர்ல இல்ல என்றாள். அவளுக்குப் பின்னால் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். போலீஸ் கை வைத்த பையனுக்குப் பரிந்து போனால் நாளைக்கு என் பெண்ணை யார் கட்டுவான் என்றார். அவர் மேல் மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை.

திரும்பி வரும்போது மேலப்பாளையத்தில் தறி வைத்திருந்த ஒரு பாய் எதிரே வந்தார். அன்றைக்குத் துணி மூட்டையோடு பாலத்தில் என் பக்கத்தில் நின்றவர். யாரென்றே எனக்குத் தெரியாது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"கண்ணால கண்டதச் சொல்ல என்னம்மா யோசன? வாரேன்" என்றார்.

சொன்னபடி திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துரை நாற்காலி கொடுத்து உட்கார வைத்து எல்லாம் கேட்டாராம். இரண்டாவது ஆளுக்காக நாங்கள் காலேஜ் வாசலில் உச்சி வெயில் தாண்டியும் நின்றோம். பாய் தொழுகைக்குக்கூடப் பள்ளிவாசலுக்குப் போகாமல், வாசல் ஓரத்திலேயே துண்டை விரித்துத் தொழுதுவிட்டு வந்து மறுபடி நின்றார். எங்கள் தெருவிலிருந்து ஒரு நாய்கூட வரவில்லை.

தம்பி தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டான். போகிற அன்றைக்கு என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"குதிக்கும்போது பயமே இல்லக்கா. கரையேறி நிமிந்து பாத்தேன் பாரு, பாலத்துல ஒரு ஆளக் காணும். அப்பந்தான் பயந்துட்டேன்."

அப்புறம் அவன் பந்தைத் தொடவே இல்லை.

கேளுங்கள், இனிமேல்தான் வேடிக்கை. பல வருஷம் கழித்து, கொழும்பில் சொந்தக் கடை வைத்து, கோட்டும் தொப்பியுமாக ஊருக்கு வந்தான். என் வீடு கொள்ளாமல் கூட்டம். வாத்தியார் வந்தார், குமாஸ்தா வந்தார், தவில்காரர் வந்தார். அண்ணாச்சிக்கு அப்போது நடை தளர்ந்துவிட்டது, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் ஒரே பேச்சு, அந்தக் குதியைப் பற்றித்தான். நான் இந்தப் பக்கம் நின்றேன், நான் அந்தப் பக்கம் நின்றேன் என்று போட்டி. அத்தனை பேரும் நின்றிருந்தால் பாலம் அன்றைக்கே ஆற்றோடு போயிருக்கும். தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"அந்தச் சேவலு என்ன நிறம் அண்ணாச்சி?"

"செவலைல்லா. வால்ல ரெண்டு எறகு மட்டும் கறுப்பு. நாந்தானல உன்னக் குதிக்கச் சொன்னேன், எனக்கு மறக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எல்லாருக்கும் காப்பி போட்டேன், சர்க்கரை போட்டேனா என்று ஞாபகமில்லை.

அந்த ஒரு வார்த்தை ஒரு திங்கட்கிழமைக்குத்தான் தேவைப்பட்டது, மதினி. அன்றையிலிருந்து யார் வந்து யாரைப் பற்றிச் சொன்னாலும் நான் ஒன்றுதான் கேட்கிறேன். நீ பார்த்தாயா, பார்த்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்வாயா? இப்போது அந்தக் கோடி வீட்டுப் பையன் விஷயத்தில் நீங்கள்…

ஐயோ, இருட்டிவிட்டதே. என் கோழிகள் இன்னும் வெளியிலேயே மேய்கின்றன. இருங்கள், அடைத்துவிட்டு வருகிறேன். ஒன்று குறைந்தாலும் அந்தப் பையன் தலையில்தான் போடுவார்கள்.