மச்சினனுக்குப் பூட்டிய மேனிஃபோல்டு

கோகந்து நகரத்தில் நிஷான்பாயைத் தெரியாத ஓட்டுநர் கிடையாது. காற்றுப் போதாமல் திணறும் இன்ஜினை அவனிடம் கொண்டுபோனால் இரண்டு வேலை நடக்கும். கார் சரியாகும், கொண்டுபோனவன் மானம் போகும். இரண்டாவது வேலைக்கு அவன் கூலி வாங்குவதில்லை.

அவன் கைவசம் இருந்த வித்தை இதுதான். ஒரே தொழிற்சாலையில் சின்ன கார் ஒன்றும் பெரிய கார் ஒன்றும் வருகின்றன. இரண்டின் இன்ஜினும் அண்ணன் தம்பி. போல்ட்டுக்கான துளைகள்கூட ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு மட்டும் வேறு. சின்னதில் அது குறுகலான, உள்ளே சொரசொரப்பான அலுமினியம். பெரியதில் அகலமான, வழவழப்பான பிளாஸ்டிக். பெரியதைக் கழற்றி, விளிம்பை அரம் போட்டு ராவி, இடையில் வைக்கப் புது கேஸ்கெட் வெட்டிச் சின்னதில் பூட்டினால், அதுவரை மூச்சு வாங்கிய வண்டி மலையைப் பார்த்துச் சிரிக்கும். ஒரே ஒரு நிபந்தனை. அதை அவன் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவான்.

“கேஸ்ல ஓடுற வண்டிக்கு இது ஆகாதுப்பா. நெருப்பு திரும்பி அடிச்சா அலுமினியம் தாங்கும். பிளாஸ்டிக் சில்லு சில்லாப் போயிரும்.”

வேலையில் அவன் சுத்தம். கெட்டது நாக்குதான். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் பத்துப் பேர் கூடிப் பலாவ் சமைத்து, ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கேலி செய்வார்கள். பதில் சொல்லத் தெரியாதவன் தோற்றான். அங்கே நிஷான்பாய் தோற்றதே இல்லை. அவனுக்கு வாகாகக் கிடைத்தவன் மாமூர், மனைவி ஓய்னிசாவின் தம்பி. கம்ச்சிக் கணவாய் வழியே தாஷ்கந்துக்கு டாக்சி ஓட்டுகிறவன். அந்த வேலையைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. எவ்வளவு சொன்னாலும் சிரித்துக்கொண்டே பச்சைத் தேநீர் ஊற்றுவான். பதில் சொல்லாதவனை அடிப்பதில் என்ன வீரம் இருக்கிறது? ஆனால் கூட்டம் சிரித்தது. நிஷான்பாய்க்கு அது போதும்.

அப்படியொரு ஞாயிறு. சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஹம்தம் ஆரம்பித்துவைத்தான்.

“மாமூர் வண்டி மலையேறுறப்ப ஆடுங்க முந்திட்டுப் போகுதாமே?”

“ஆடு மட்டுமா?” என்றான் நிஷான்பாய். “ஆடு மேய்க்கிற கிழவி உச்சிக்குப் போயி, பால் கறந்து, தயிர் தோய்ச்சு, கீழ எறங்கி வந்து, ‘ஏம்பா, இன்னும் இங்கயா நிக்கிற’ன்னு கேட்டாளாம்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமூரும் சிரித்தான். பிறகு நிஜமாகவே வருத்தப்பட்டு, “நீங்க ஊருக்கே உஸ்தா, பெரிய மெக்கானிக்கு, மச்சான். உங்க வீட்டு வண்டி மட்டும் இப்படித் திணறுனா அசிங்கம் எனக்கா, உங்களுக்கா?” என்று கேட்டான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்யத் தெரிந்தவனுமில்லை. ஆனால் சிரிப்பு இரண்டு மடங்காக வெடித்தது. ஹம்தமுக்குச் சோறு புரையேறியது. “சொல்லு உஸ்தா, பதில் சொல்லு!” என்று தொடையைத் தட்டினார்கள். நிஷான்பாய் தோற்றுப்போனான். இருபது வருஷத்தில் முதல் தடவை, அதுவும் இந்தப் பிள்ளைப்பூச்சியிடம். தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு எழுந்து போனான்.

செவ்வாய்க்கிழமை மாமூரைக் கூப்பிட்டான். “வண்டியக் கொண்டாடா. உன் அசிங்கத்தையும் என் அசிங்கத்தையும் ஒரேயடியாத் தீர்த்துடலாம்.”

மாமூருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய காரின் மேனிஃபோல்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தான். நிஷான்பாய் அதை அழகாகவே பூட்டினான். கேஸில் ஓடும் வண்டி அது. எல்லாரிடமும் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை இவனிடம் சொல்லவில்லை. மாமூர் கைகழுவப் போனபோது, கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்பியும் வைத்தான். சூடான இன்ஜின் ஓடும். ஆறிப்போன இன்ஜினைக் கேஸில் கிளப்பினால் வெடிக்கும்.

“கேஸ்கெட்ல போட்ட பசை காயணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடாத. அன்னிக்கு டீக்கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்து, எல்லாரும் பாக்கட்டும்,” என்றான்.

பலாவ் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வாசலில் நிற்பார்கள். மாமூர் சாவியைத் திருப்புவான். மூடிய பானெட்டுக்குள் ஒரு ‘டமார்’. அவன் பேயறைந்த மாதிரி இறங்குவான். ஒரு மாசத்துக்குச் சிரிக்கலாம், பிறகு பழையதைப் பூட்டிக் கொடுத்துவிடலாம். இவ்வளவுதான் திட்டம். “ஞாயித்துக்கிழமை ஒரு வேடிக்கை இருக்கு,” என்று ஹம்தமிடம் மட்டும் சொல்லிவைத்தான்.

மாமூருக்கு ஞாயிறு வரை பொறுக்கவில்லை. புது வேகத்தை ஒரு தடவை மலையில் பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை, பசை காய்ந்திருக்கும் என்று தானே முடிவு செய்து, பெட்ரோலில் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி, கேஸுக்கு மாற்றி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். கணவாயில் ஐந்து வண்டிகளை முந்தினானாம். “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிச் சொன்னானாம். உச்சியில் டீ குடிக்க நிறுத்தினான். குளிர்காற்றில் இன்ஜின் ஆறிவிட்டது. திரும்பக் கிளப்பினால் இருமியதே தவிர எடுக்கவில்லை. பெட்ரோலுக்கு மாற்றும் சுவிட்ச் கேஸிலேயே கிடந்தது.

பானெட்டைத் தூக்கிவிட்டு மேனிஃபோல்டுக்கு நேரே குனிந்து காது கொடுத்தான். முன்சீட்டுக்காரரிடம், “சாவியக் கொஞ்சம் திருப்புங்கண்ணே,” என்றான்.

சில்லுகள் இரண்டு கண்ணிலும் ஏறின.

வண்டியை இழுத்துக்கொண்டுவந்து நிஷான்பாயின் பட்டறையில் விட்டார்கள். அவன் முதலில் செய்த காரியம், அந்தத் திருகைக் கால் சுற்றுத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்ததுதான். நிமிர்ந்தபோது எதிரே ஹம்தம் நின்றான்.

“வேடிக்கைன்னு சொன்னியே. இதானா?”

“வாய மூடு.”

ஹம்தம் மூடிக்கொண்டான். மறுநாளும் டீக்கடையில் பலாவ் வெந்தது. பேச்சில்லாமல் தின்று முடித்தார்கள்.

புதன்கிழமை நிஷான்பாய் ஓய்னிசாவை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். இனிப் பார்வை வராது என்று டாக்டர் வெளியிலேயே சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று படியேறும்போது நினைத்தான். நினைத்தது நிஜம். கட்டிலருகே உட்கார்ந்ததும் போர்வையைச் சரிசெய்வதில் இறங்கிவிட்டான்.

கட்டுப் போட்ட முகம் அவன் பக்கம் திரும்பியது.

“மச்சானா? டிரைவருங்க வந்து சொன்னாங்க. கேஸ் வண்டிக்கு இது ஆகாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தான் மாட்டுவீங்களாமே. எங்கிட்டயும் சொல்லியிருப்பீங்க. சந்தோஷத்துல என் காதுல விழல போல. சொன்னீங்கதானே?”

ஓய்னிசா புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொன்னேன்,” என்றான் நிஷான்பாய். “ரெண்டு தடவ சொன்னேன்.”

“அறிவு கெட்டவனே!” என்று ஓய்னிசா தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “அவரு சொல்லியும் கேக்கலையேடா! ஞாயித்துக்கிழம வரைக்கும் தொடாதன்னாரே, அதையும் கேக்கலையே!”

“திட்டாதக்கா. தப்பு எம்மேலதான்.” மாமூர் போர்வையின் மேல் கையால் துழாவி, நிஷான்பாயின் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டான். “அவ்வளவு நல்ல சாமான, ஒடச்சுப்புட்டேன். உங்க பேரும் கெட்டுப்போச்சு. மன்னிச்சிருங்க மச்சான்.”

“சரி, விடு,” என்றான் நிஷான்பாய். “மன்னிச்சுட்டேன்.”