ஏரி மட்டும் விழுந்த படம்

அப்போது கொடைக்கானல் ஏரியில் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பழனியில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், நோயில் மெலிந்த மனைவியோடு வந்தார். அந்த அம்மா படகில் உட்கார்ந்தார். உச்சி வெயிலில் சுற்றிலும் தண்ணீர் மினுங்கியது. கண் கூசி, நெற்றியில் கையை வைத்து மறைத்தார்.

"கையை எடுங்கம்மா, முகம் மறையுது," என்றேன்.

வெளிச்சத்தை அளக்கும் புது லைட் மீட்டரைத் தண்ணீரை நோக்கிப் பிடித்து, அந்த மினுங்கலுக்கு அது காட்டியபடியே லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினேன். படத்தைக் கழுவிப் பார்த்தால் ஏரி அலை அலையாக இருந்தது. முகம் வெறும் கரி. இன்னொரு தடவை எடுத்துக்கொடுத்தால் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாய் தனியாக வந்தார்.

"வீட்டுல மவுத்தாயிட்டாங்க தம்பி. அந்த ஒரு படந்தான் இருக்கு."

நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஏரி நல்லா விழுந்திருக்குங்க," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு முகத்தருகே போய்த்தான் மீட்டர் பிடிக்கிறேன். ஏரி இன்றும் அங்கேயேதான் கிடக்கிறது.