கூடை காலியாகும் வரை

பதுளையில் என் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே வெப் அப்ளிகேஷன் எழுதுகிறேன். கூட வேலை செய்பவர்களைத் திரையில் பார்ப்பதோடு சரி. கூட்டம் முடிந்ததும் முகங்கள் அணைந்துவிடும். சாயங்காலம் கடையில் "பிளேன்டீ ஒண்ணு" என்று சொல்லும்வரை வாயே திறக்காத நாட்களும் உண்டு.

அம்மா லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அப்பா போன பிறகு லயத்து வரிசையில் ஓர் அறைக் காம்பராவில் அவரும் தனிதான். அங்கே சிக்னல் கிடையாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்தின் பக்கத்தில், ரோட்டு வளைவில் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நின்று பேச முடியாது; கங்காணி மலைக்கு விரட்டிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாரும் பாவிக்கிற மெசேஜ் செயலி அவருடைய பழைய போனில் ஓடுவதை நிறுத்திவிட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், "இதுக்கு என்ன கேடு?" என்பார்.

ஆனால் அந்தப் போனில் ஒரு பிரவுசர் இருந்தது. நான் படிக்கத் தொடங்கியபோது பிரவுசர் என்பது பக்கத்தைக் காட்டுகிற ஒன்று, அவ்வளவுதான். இப்போது அது மைக்கைத் திறக்கிறது, சிக்னல் இல்லாதபோதும் பக்கத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, பேசியதைச் சேமித்துப் பிறகு அனுப்புகிறது. எங்கள் தொழிலில் நாளைக்கு என்ன செய்யலாம் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. பிரவுசர் இன்றைக்கு எந்தக் கதவைத் திறந்துவிடுகிறதோ, அதற்குள்தான் நுழைய முடியும்.

அப்படித் திறந்த கதவு வழியாக அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். நடுவில் ஒரு சிவப்பு வட்டம். தொட்டுப் பேசினால் பதிவாகும். வளைவுக்கு வந்ததும் எனக்கு வந்து சேரும். என் பதிலும் அங்கேதான் இறங்கும். மரவள்ளியைப் பன்றி கிளறியது, கூரைத் தகரம் ஒழுகுவது எல்லாம் வந்தன. பக்கத்துக் காம்பரா அக்கா பின்னாலிருந்து கேலி செய்வதும் பதிவாகியிருக்கும்: "போனுக்குச் சோறும் ஊட்டி விடுங்க சின்னம்மா."

பிறகு வருவது நின்றது. வளைவில் இருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன். "இருக்கேன்பா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார். குரலில் ஒரு விலகல். அலுத்துப்போயிருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். என் குரலை மட்டும் பதிந்து அனுப்புவது சுவரோடு பேசுவதுபோல் இருந்தது. அதையும் குறைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவின் போனில் சிவப்பு வட்டமே இல்லை.

"போன் இறுகிப் போச்சுன்னு டவுன்ல கொடுத்தேன். கடைக்கார நானா எல்லாத்தையும் கிளீன் பண்ணிக் கொடுத்தாரு."

எங்கள் பக்கத்தில் எல்லாருமே போனை இப்படி அடிக்கடி கடையில் கொடுத்துக் கழுவி எடுப்பார்கள். ஆனால் பதிவுகள் வருவது நின்றது அதற்கும் முன்னால். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. திறந்து வைத்தால் டேட்டா கரையும் என்று அக்கா சொன்னாராம். அதிலிருந்து அம்மா லயத்தில் பேசி முடித்ததுமே, அறையை விட்டு வரும்போது லைட்டை அணைப்பதுபோல், பக்கத்தைத் தள்ளி மூடிவிடுவார். அதற்குப் பிறகு வளைவில் திறப்பதே இல்லை. என் மேசையில் இருக்கும் பிரவுசர், மூடினாலும் பின்னால் இருந்து அனுப்பிவிடும். அம்மாவின் போனோடு வந்த பிரவுசருக்கு அந்த வழக்கம் இல்லை. பேசியதெல்லாம் உள்ளேயே குவிந்து கிடந்து, கடையில் ஒரே துடைப்பில் போயிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லம்மா."

"பதில் சொல்லாம இருந்தியோன்னு நெனச்சேன்."

எதற்குப் பதில் என்று கேட்டேன். அதெல்லாம் முடிஞ்ச கதை என்று சோற்றைப் போட்டார். சாயங்காலம் வளைவில் பஸ்ஸுக்கு நின்றபோது, நான் பக்கத்தை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தே சொன்னார்:

"முட்டி வலிக்குது, தோட்டத்துல பேரை வெட்டி வேலையை விட்டுட்டு ஒங்கூட வந்து இருக்கட்டுமான்னு கேட்டேன். நீ பேசல. சரி, ரூம் சின்னதா இருக்கும்னு நானே நெனச்சுக்கிட்டேன். இப்ப காம்பராவுக்குப் பின்னால பீன்ஸ் போட்டுட்டேன்."

பஸ் வந்துவிட்டது. நடத்துனர் ஏறச் சொல்லிக் கத்தினார். நான் ஏதோ சொன்னேன், இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

இந்த வாரம் பக்கத்தை மாற்றி எழுதினேன். பேசியது உள்ளே இருக்கும்வரை திரையில் கொழுந்துக் கூடை நிறைந்திருக்கும். மறுமுனைப் போனுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காலியாகும்; என் திரையிலும் அப்படித்தான். நிறுவைக்குக் கொடுக்காமல் யாரும் கூடையை மூலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. வளைவில் அம்மா ஒருதரம் திறந்ததும் புதுப் பக்கம் தானாக இறங்கிக்கொண்டது. புதன்கிழமை அம்மாவின் குரல் வந்தது: "கூடை காலியாயிருச்சு தம்பி. கேட்டுச்சா?" முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறையில் மேசையை ஜன்னல் பக்கம் தள்ளிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு கட்டில் போட இடம் வருகிறது. நேற்று மாலை வட்டத்தைத் தொட்டு, "வந்துருங்கம்மா, பீன்ஸை அக்கா பாத்துக்குவாங்க" என்று பேசினேன்.

இன்று ஞாயிறு, பெரட்டு இல்லை. அம்மா வளைவுக்கு வரமாட்டார். என் திரையில் கூடை நிறைந்தே இருக்கிறது.