பூ முடிஞ்சதும் வர்றேன்

காவல்காரரின் மனைவி, பிள்ளை பெற்ற மகள் வீட்டுக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பார்த்துத்தான் அவர் காவல் காக்கும் புல் சரிவில் முதல் பூ விரிந்திருந்தது. பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன, வீட்டுக்காரரைத்தான் காணோம். கேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தால், மனிதர் புல்லுக்குள் மண்டி போட்டு, மூக்கு தரையில் படும்படி குனிந்திருந்தார்.

“என் முன்னால ஒருநாளாவது இப்படிக் குனிஞ்சிருக்கீங்களா?”

காவல்காரர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஒண்ணு வந்துடுச்சு, பாரேன்.”

“உங்க பேத்தியும்தான் வந்துட்டா. அவளைப் பார்க்க எப்ப வரப் போறீங்க?”

“பூ முடிஞ்சதும் வர்றேன்.”

“சக்களத்தி ஒரு பொம்பளையா இருந்தா முடியைப் பிடிச்சு உலுக்கலாம். புல்லுகிட்ட போய் என்னத்தைச் சண்டை போட!” என்று சிரித்துக்கொண்டேதான் பேருந்தில் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கை நீட்டி, அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல் துணுக்கைத் தட்டிவிட்டாள்.

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் புல்லு மாமா. “வெறும் புல்லுக்கு ஒரு வேலி, வேலிக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு மாமா” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அந்தச் சரிவில் விரல் உயரத்துக்கு நிற்கும் ஊதா நிறப் பூ வேறெங்கும் கிடையாது என்பதால்தான் அரசாங்கம் வேலி போட்டது. மாட்டை விரட்டுவது, பைக் ஓட்ட வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது, கேட்டைப் பூட்டுவது, இவ்வளவுதான் வேலை. கேட்டை ஒட்டி ஒற்றை அறை. அதில்தான் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள்.

மனைவி போனபின் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அந்த வருஷம் மழை அதிகம். புல் மதமதவென்று வளர்ந்து பூச்செடிகளை நெருக்கிக்கொண்டு நின்றது. அவருக்கு மனசு கேட்கவில்லை. சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் புல்லை வேரோடு களைந்தார். செடிகள் தலைவாரிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. அன்று ராப்பூரா அவருக்கு நல்ல தூக்கம்.

கொஞ்ச நாளில் இலைகள் கறுத்தன. அடுத்த பருவத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

செடிகளை ஆராய வரும் பெண் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். “இது தனியா வாழாது மாமா. புல்லோட வேரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தண்ணி குடிக்கும். புல்லை எடுத்துட்டா பட்டினிதான்.” அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: “விதை மண்ணுக்குள்ள இருக்கும். புல் மறுபடி மூடினா, ஒருவேளை...”

அந்த ‘ஒருவேளை’யைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அங்கேயே கிடந்தார்.

“இந்த வருஷத்துப் பூவும் முடிஞ்சிருக்குமே, கிளம்புங்க” என்றாள் மனைவி போனில்.

“இன்னும் முடியலை.”

ஆரம்பிக்கவே இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் கையாலேயே கொன்றேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒன்றாவது முளைக்கட்டும், பிறகு போகலாம் என்றிருந்தார். இடையிடையே அவள் இருமுவது கேட்கும். கேட்டால், “இங்க குளிரு” என்பாள்.

ஒருநாள் மகள் போனை வாங்கினாள். “குளிர் இல்லப்பா. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சுக்கிட்டிருக்கோம். வாங்கப்பா.”

அன்றைக்கே அலுவலகத்தில் லீவு கேட்டார். “மாத்து ஆள் அனுப்பறோம். அதுவரைக்கும் கேட்டை விட்டு நகராதீங்க” என்றார் அதிகாரி. அவர் நகரவில்லை. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

“பெட்டி கட்டிட்டீங்களா?” என்றாள் மனைவி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அப்பவே கட்டிட்டேன்.”

“கட்டினா போதுமா? தூக்கணும்.”

அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் மகளின் போனில் அழுகை மட்டும் வந்தது. கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பேத்தி நடக்கப் பழகியிருந்தாள். அவரைக் கண்டதும் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“பூவாவது நல்லா பூத்துச்சாப்பா?” என்று கேட்டாள் மகள்.

“அது எப்பவோ செத்துப்போச்சும்மா.”

“அப்ப எதுக்குப்பா அங்க இருந்தீங்க?”

அவர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது, போட்ட பூட்டு போட்டபடி தொங்கியது. ஒரு மாடு நுழைந்திருக்கவில்லை, ஒரு டயர்த் தடம் இல்லை. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை. அவர் இல்லாத அத்தனை நாளும் புல்வெளி தன்பாட்டுக்கு இருந்திருக்கிறது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அவருக்கு. ஆனால் கேட்டடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு மழைக்காலம் போய், வெயிலும் பாதி போனது. ஒரு காலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியபோது போன் கூவியது. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அலுவலகத்திலிருந்து வந்திருந்தது.

‘தாங்கள் கோரிய விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. மாற்று ஊழியர் வந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படலாம்.’