வீட்டோடு மாப்பிள்ளையின் குளிர்காலம்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கவுண்டரில், கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பழசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் அவ்வளவு பழசில்லை. ஐம்பதைத் தாண்டியவர், தலைமுடி நல்ல கறுப்பு. மனைவி வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருப்பதால் அந்தக் கறுப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பெயர் வந்தது வேறு வழியில். எந்த மெக்கானிக் வந்து எதைக் கேட்டாலும், பிரேக் லைனிங்கோ, வைப்பர் ரப்பரோ, ஒரு திருகாணியோ, அவர் முதலில் சொல்வது, "பழசக் குடு." பழைய பாகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் காட்டி, நிஜமாகவே செத்துவிட்டதுதான் என்று அவர் மனசு ஒப்பிய பிறகே புதுசு வலைக்கு வெளியே வரும். பாதி நாள், "இது இன்னும் ஓடும், போய் மாட்டு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மூச்சு விடுவதில்கூடப் பழைய மூச்சை ஒப்படைத்தால்தான் புது மூச்சு கொடுப்பார் இந்த மனுஷன் என்று மெக்கானிக்குகள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கேட்டுச் சிரித்துக்கொள்வார். வாங்கின பழசை எறியவும் மாட்டார். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். ஒரே ஒரு தடவைதான் கேட்காமல் கொள்ளாமல் புதுசு வாங்கினார். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

அவர்கள் ஊர் பனிக்கட்டி கொட்டிக் குவிகிற ஊரில்லை. ஆனால் குளிர்காலம் நீளம். விடிகாலையில் புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், குழாய்த் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும். அந்த ஊரில், அவர் வீட்டுப் பின்பக்கத்தில், சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு அழகுப்பனை நின்றது. தென்னைக்குத் தங்கை, பாக்குக்கு அக்கா என்று சொல்லலாம். வெயில் நாட்டில் வளர வேண்டிய மரம். மனைவி ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்ய ஹோட்டலுக்குப் போனபோது, வெள்ளையடிக்கிற வேலைக்காக வரவேற்பறைச் செடித் தொட்டிகளையெல்லாம் குப்பைத் தொட்டியோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அதில் இந்தப் பனையைக் காட்டி, இது வேண்டாததா என்று காவலாளியிடம் கேட்டாள். எடுத்துட்டுப் போங்கம்மா, எனக்கு ஒரு சுமை குறையும் என்றார் அவர். டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே ஓலை டாட்டா காட்டிக்கொண்டு வர, வீடு வந்து சேர்ந்தது.

அவர்கள் மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போன வருஷம் அது. "பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போனவர் ஒரு மாப்பிள்ளை. கட்டாமலே வந்து உட்கார்ந்துட்டார் இன்னொரு மாப்பிள்ளை" என்று பழசு சொன்னார். அன்றிலிருந்து அதற்கு வீட்டோடு மாப்பிள்ளை என்றே பெயர் ஆகிவிட்டது. வேலைவெட்டி கிடையாது, வேளாவேளைக்குக் கவனிப்பு, குளிர் தாங்காது, மூத்தவர்கள் வந்தாலும் எழுந்து நிற்காது, ஏனென்றால் உட்காரவே இல்லை. இப்படித் தினம் ஒன்று சொல்லுவார். மனைவி காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

முதலில் பார்லரில்தான் இருந்தது, இரண்டு நாற்காலிக்கும் நடுவில். ஈரத் துண்டும் டிரையர் சூடுமாக அதற்கு ராஜ வாழ்க்கை. உச்சி கூரையைத் தொட்டபோது, நுனியில் கொஞ்சம் வெட்டி விடேன், அதுதானே உன் தொழில் என்றாள் கலர் போட வந்த ஒரு பெண்மணி. மனைவி கையில் இருந்த சீப்பால் பனையைக் காட்டினாள். "முடிக்கு வேர்ல உசுரு, எத்தனை வெட்டினாலும் வரும். இதுக்கு உச்சியில உசுரு. ஒரே ஒரு குருத்து. அது போச்சுன்னா மரமே போச்சு." வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடம் நடந்தது. கடைசியில் கூரையை உடைக்க முடியாது என்பதால் மாப்பிள்ளையை வெளியே கொண்டுபோய், மத்தியான வெயில் விழுகிற சுவரோரம் நட்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு சடங்கு மாதிரி. ஓலைகளை மேலே தூக்கிப் பின்னல் போட்டுக் கட்டுவாள். தண்டைச் சுற்றி ஒரு சரம் பல்பு, நெல்லிக்காய் அளவில் குண்டு குண்டாக இருக்கும் பழைய ரகம். அதன் மேல் சாயம் ஏறிப் பார்லருக்கு ஆகாமல் போன துண்டுகள், அதற்கும் மேல் கம்பளி. மழை பெய்து உச்சியில் தண்ணீர் நின்றால் ஏணியில் ஏறி ஹேர் டிரையர் பிடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து பார்த்து, மாப்பிள்ளை எங்கே கிளம்பிட்டார் என்று கேட்பாள். பழசும் இதையெல்லாம் பார்த்தார், ஆனால் ஒரு நாளும் எதற்கு என்று கேட்கவில்லை. செடி என்றால் வெளிச்சம் வேண்டும், அதனால் விளக்குப் போடுகிறாள் என்று அவராகவே முடிவு கட்டி வைத்திருந்தார்.

போன குளிர்காலத்தின் நடுவில் மனைவியின் தங்கைக்கு ஆபரேஷன். கூட இருக்க ஆளில்லை என்று இவள் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கும்போதே அவருக்கு உத்தரவு போட்டாள். சாயங்காலம் சுவிட்சைப் போடணும், வெயில் வந்ததும் அணைக்கணும், மழை வந்தா உச்சியை மூடணும், வேற எதையும் தொட வேண்டாம்.

அவள் போன வாரமே சரத்தில் பாதி பல்பு போய்விட்டது. பழசுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை வருஷம் மாப்பிள்ளையைக் கேலி பேசியதைத் தவிர அவர் அதற்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அவள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கி எழுகிறாள், இதையாவது செய்வோம் என்று தோன்றியது. சரத்தைக் கழற்றி, வழக்கப்படி பழசைக் கையில் எடுத்துக்கொண்டு மின்சாமான் கடைக்குப் போனார். இந்த ரகம் இப்போது வருவதில்லை என்றார் கடைக்காரர். புது எல்.இ.டி. சரம் ஒன்றை எரியவிட்டு அவர் உள்ளங்கையில் வைத்தார். "தொட்டுப் பாருங்க சார். விடிய விடிய எரிஞ்சாலும் சூடே ஏறாது. குழந்தைகூடப் பிடிக்கலாம்." பழசுக்கு அது பிடித்துப்போயிற்று. பழைய பல்பு துண்டைக் கருக்கிவிடுமோ என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. வாங்கி வந்து, தண்டைச் சுற்றி ஒழுங்காக, இடைவெளி பிசகாமல் சுற்றினார். சுவிட்சைப் போட்டதும் கம்பளிக்குள் நிலா புகுந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து கைதட்டினாள். மனைவியிடம் போனில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தார்.

அந்த வாரம்தான் அந்த வருஷத்தின் மோசமான குளிர் விழுந்தது.

அவள் திரும்பி வந்த சாயங்காலம், பெட்டியை நடையிலேயே வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். பழசு ஒரு பக்கமாக நின்று, பாராட்டு வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கம்பளிக்குள் கையை விட்டாள்.

"சில்லுன்னு இருக்கு."

"புதுச் சரம். சூடே ஆகாது" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அவள் சரம் சுற்றியது வெளிச்சத்துக்கில்லை, சூட்டுக்கு.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பழசு எங்க?"

நல்லவேளை, அவர் எதையும் எறிகிற ஆளில்லை. ஏணிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். இறந்த பல்புகளைக் கழற்றி, எங்கெங்கோ டப்பாக்களில் தேடி எடுத்த பல்புகளை அன்றைக்கே மாட்டினார். கம்பளிக்குள் மறுபடி சூடு வந்தது. ஆனால் வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் அவள் ஏணியில் ஏறி நடுக் குருத்தை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தபோது, அது வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அடி முழுக்க அழுகல், பழைய காய்கறித் தண்ணீர் நாற்றம்.

இரண்டு டீ டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால்கூட, ஒட்டிக்கும்னு தெரியாதா என்று கத்துகிறவள் அவள். இதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரை வாட்டியது. திட்டினால் பதிலுக்கு ஏதாவது முணுமுணுக்கலாம், இதற்கு என்ன செய்வது. பார்லர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவர் ஒட்டுக்கேட்டார். மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவளிடம், இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னாள். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு அவர் திட்டே வாங்கியிருக்கலாம்.

குருத்து இருந்த குழிக்குள் அவள் தினமும், மருந்துக்கடையில் வாங்கிய, காயம் கழுவுகிற மருந்தை ஊற்றினாள். சோப்பு போல நுரைத்துப் பொங்கியது. நுரைக்கிற வரைக்கும் அழுகல் இருக்கிறது என்றாள். நுரை அடங்கவே இல்லை. குளிர் கொஞ்சம் இளகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ரம்பம் இருக்கா?"

"எதுக்கு?"

"உச்சியை வெட்டணும்."

"உச்சியில கை வைக்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த?"

"உசுரோட இருக்கிற உச்சியில. இது அழுகிக்கிட்டே கீழ இறங்குது. அது உசுரைப் போய்த் தொடறதுக்குள்ள நாம முந்தணும்."

"அழுகல் எதுவரைக்கும் போயிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வெட்டினாத்தான் தெரியும்."

"உசுரு எங்க இருக்குன்னு?"

"அதுவும் வெட்டினாத்தான் தெரியும்."

அவள் ஏணி மேலே, அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே. முடியை விரலிடுக்கில் பிடித்து வெட்டுகிற கணக்கில், ஒரு விரல் தடிமனுக்குமேல் போகாமல் சீவினாள். முதல் வில்லை விழுந்தது. காப்பிக் கஷாய நிறம். அவர் எடுத்துப் பார்த்தார். அடுத்ததும் அதே. அதற்கடுத்தது ஓரம் வெளுத்து, நடு பழுப்பு. அவள் ஒவ்வொன்றாகக் கீழே நீட்ட, அவர் தன்னையறியாமல் கவுண்டரில் செய்வதைப் போலவே திருப்பி, வெளிச்சத்தில் காட்டி, முகர்ந்து, "செத்தது" என்றார். "இதுவும் செத்தது." அடுத்த வில்லை ஈரமாக, வெள்ளையாக வந்தது. பச்சைத் தேங்காயின் வாசனை. நடுவில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி.

"இங்கயும் புள்ளி இருக்கு. இன்னும் ஒண்ணு எடுத்துடறேன்" என்றாள் மேலிருந்து.

அவர் வில்லையை விரலால் அழுத்தினார். கெட்டியாக இருந்தது. "வேண்டாம். இறங்கு. இது ஓடும்."

அவள் ரம்பத்தைப் பிடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் வெட்டுவாயில் மருந்தை ஊற்றினாள், தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், இறங்கி வந்தாள். மட்டமாக மழித்த தலையும், பக்கத்தில் நாலைந்து பச்சை மட்டைகளுமாக மாப்பிள்ளை நின்றார்.

அந்த 'இது ஓடும்' அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. ஒரு தடவை கெடுத்தவர், இப்போது காப்பாற்ற வந்தவளின் கையையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார். பணிமனையில் ஒரு மெக்கானிக் கிளட்ச் தகட்டை நீட்டியபோது பார்க்காமலே புதுசை எடுத்துக் கொடுத்தார். அவன் பதறிப்போய், உடம்பு சரியில்லையா பழசு என்று கேட்டான்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கிண்ணத்தைத் தூக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் கவுண்டரில் வைத்திருக்கிற எஃகு ஸ்கேலைக் கொண்டுவந்தார். மட்டமாக வெட்டிய பரப்பின் குறுக்கே வைத்தார். ஆடாமல் அசையாமல் படிந்து உட்கார்ந்தது. நடுவில் உயிர் இருந்தால் அது மேலே தள்ளும், ஸ்கேல் படியாது. இது அவர் சொந்த யோசனை, யாரிடமும் சொல்லவில்லை. குளிர் விலகியது. சுவரில் மத்தியான வெயில் நெடுநேரம் நின்றது. ஸ்கேல் தினமும் படிந்தே கிடந்தது. மனைவி பின்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்கலாமா என்று ஒரு நாள் பொதுவாகச் சொன்னாள். அவர் கேட்காதது போல இருந்துவிட்டார்.

பிறகு ஒரு காலை, ஸ்கேலை வைத்தார். இந்த முனையைத் தொட்டால் அந்த முனை எழுந்தது, அந்த முனையைத் தொட்டால் இந்த முனை. கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்கேலையும் துடைத்து, மறுபடி வைத்தார். திருப்பிப் போட்டு வைத்தார். ஆடியது.

ஏணியிலிருந்தே, "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். தலையில் கலர் பூசி உட்கார வைத்திருந்தவளை விட்டுவிட்டு, கையுறையோடு அவள் வந்தாள். தலையில் காகிதம் சுற்றிய அந்தப் பெண்மணியும் பின்னாலேயே வந்து நின்றாள். அவர் இறங்கி வழிவிட, மனைவி ஏணியில் ஏறி, ஒற்றை விரலால் ஸ்கேலைத் தொட்டாள். அது சீசாப் பலகை மாதிரி ஆடியது. ஸ்கேலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெட்டிய வட்டத்தின் நடுவில், காசு அளவில், வெளிர்ப் பச்சையாக ஒன்று மேடு தட்டியிருந்தது. கடுகுப் புள்ளி அதன் தலையில் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க தினமும் இதைத்தான் பண்ணிட்டு இருந்தீங்களா?"

இத்தனை நாள் அவர் வாயில் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "அந்தச் சரத்தை நான் மாத்தியிருக்கக் கூடாது. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவள் கையுறையைக் கழற்றினாள். "நீங்க மாத்தின அன்னிக்கே பக்கத்து வீட்டுக்காரி போட்டோ அனுப்பிட்டா. நல்லா இருக்கேன்னு நானே என் தங்கச்சிகிட்ட காட்டினேன். வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்ததுமே, இது சூடாகாத ரகம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும்." பிறகு, "உங்களைத் திட்ட ஆரம்பிச்சா என்னையும் சேர்த்துத் திட்டணும். அதான் பேசாம இருந்தேன்" என்றாள்.

அவள் தன்னை மன்னித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து இத்தனை நாள் கூனிக் குறுகியதெல்லாம் வீண். அவருக்குக் கோபம்கூடக் கொஞ்சம் வந்தது.

"எனக்குத் தலையெல்லாம் என்னமோ இழுக்குதுங்க, கலரைக் கழுவ வேணாமா" என்றாள் காகிதத் தலைப் பெண்மணி.

கோடையில் முதல் ஓலை விரிந்தது. யாரோ கடித்துத் துப்பிய மாதிரி, பாதி அறுந்து, பாதி சுருங்கி, நுனி கருகி. முதல் தடவை கத்தி வைத்த தலைக்கு இப்படித்தான் முளைக்கும், அடுத்தது சரியாக வரும் என்றாள் மனைவி, தொழில் தெரிந்தவள் குரலில். அடுத்தது சரியாகவே வந்தது. எல்.இ.டி. சரம் பார்லர் கண்ணாடியைச் சுற்றி ஏறிவிட்டது, அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது.

பணிமனையில் இப்போது பேருந்துகளுக்கும் சூடாகாத பல்பு வந்துகொண்டிருக்கிறது. கழற்றுகிற பழைய குண்டு பல்புகள் குப்பைக்குத்தான் போகும். மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கி, கவுண்டருக்கு அடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார் பழசு. வீட்டுக் கரண்டைப் பேருந்து பல்பு தாங்குகிற அளவுக்குக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரைப் பணிமனை எலக்ட்ரீஷியன் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக்குகள் வலைக்கு முன்னால் வந்து, அவர் வாயைத் திறக்கும் முன்னே பழைய பல்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிப் போகிறார்கள். அவர் ஒவ்வொன்றையும் எரியவிட்டு, உள்ளங்கையில் வைத்து, சூடு ஏறுகிறதா என்று பார்த்த பிறகே எடுத்து வைக்கிறார்.